சரிவில் முளைத்த பச்சை

தென்காசி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம்.

என் மகன் பெற்ற மணி ஹஃப்சாவுக்கு, வாப்பும்மா சைதூன் பீவியின் ஸலாம். அந்தப் பனி நாட்டில் உனக்கு நேரத்துக்குச் சோறும் தூக்கமும் கிடைக்க அல்லாஹ் அருள்வானாக.

போனில் பேசலாம்தான். நான் போனைத் தொட்டாலே உன் உம்மா பாஹிமா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டு யோகலட்சுமி டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். ஐந்தாம் வகுப்புக் கை, பிழை இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

குற்றாலத்தில் சீசன் கூட்டம் கலைந்துவிட்டது. உன் வாப்பா குத்தகைக்கு எடுத்த மங்குஸ்தான் தோட்டத்தில் அந்த மண்சரிவுக்குப் பிறகு பாதி மரம்தான் நிற்கிறது. தேட வந்தவர்களும் எப்போதோ மலையிறங்கிப் போய்விட்டார்கள். உன் வாப்பா உள்ளே இருக்கும்போதே ஷெட் மண்ணோடு சரிந்ததை, தோட்டக் காவல்காரர் மந்திரமூர்த்தி கண்ணால் பார்த்திருக்கிறார். அவரிடம் உன் உம்மா, மழையில் உங்களுக்குக் கண் மறைத்திருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

வானத்திலிருந்து எடுத்ததென்று நீ முதலில் அனுப்பிய படத்தில் மலை நடுவே செம்மண் கோடு மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்து அழுதாள். அழுதவரைக்கும் நல்லதென்று நினைத்தேன். போன மாதம் இன்னொரு படம் வந்தது. பச்சை வந்திருக்கு உம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அன்று அவள் பாயசம் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தாள். “அவுக கை படாம அங்கன பச்சை எப்படி மாமி வரும்?” என்று என்னைக் கேட்டாள்.

ஆனால் கண்ணே, இதெல்லாம் நடக்கும் முன், போன பெருநாளுக்கு வந்தபோது நீ என்னிடம் சொன்னது வேறு. அந்தத் துருவத்தில் உறைந்த மண் இளகிச் சரிந்த இடத்தில் புதர் சீக்கிரம் முளைத்துவிடும், படத்தில் பச்சையைக் கண்டு சந்தோஷப்படக் கூடாது வாப்பும்மா, சில இடத்தில் அது தரை உடைந்ததற்கு அடையாளம் என்றாய். படத்தின் ஒரு புள்ளிக்குள் நம் வீடே அடங்கிவிடும், ஆள் தெரியாது என்றும் சொன்னாய். வானத்திலிருந்து எடுத்த படத்தில் எது பாசி, எது புதர், எது வெறும் பாறை என்று பிரித்து நிறம் கொடுப்பவள் என் பேத்தி என்று ஜவுளிக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இது என்ன பச்சை என்று உனக்கா தெரியாது?

இப்போது உன் உம்மா தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு மேலே போகிறாள். மந்திரமூர்த்திதான் ஒவ்வொரு தடவையும் கூட்டிவந்து விடுகிறார். நேற்று வழுக்கி விழுந்து முழங்கை உரிந்து வந்தாள். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஆச்சி, அந்த மண்ணு இன்னும் இறங்குது. ஐப்பசி மழை பிடிச்சிட்டா நானும் மேல போவ முடியாது” என்றார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து, உடல் இல்லாமலே ஜனாஸா தொழுதுவிடலாம் என்றார். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய், புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்கென்று நான் எடுத்துவைத்த வெள்ளைச் சேலையைக் கிழித்து அடுப்படித் துணியாக்கிவிட்டாள். நான் வாய் திறந்தால், “பெத்த மகனுக்கே மண்ணள்ளிப் போடுதீகளே மாமி” என்கிறாள்.

அவள் நம்புவது உன் பேச்சை மட்டும்தான். உனக்கும் அவன் வாப்பா அல்லவா? மீதியைச் சொல்ல வாய் வராமல்தான் பச்சை என்பதோடு நிறுத்திக்கொண்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிழக்கே வானம் கறுக்கிறது. இதைப் பார்த்ததும் அவளைக் கூப்பிடு. அது யாரும் நட்டதில்லை, சரிந்த மண்ணில் தானாக வந்த புல் என்று சொல்லிவிடு. அடியில் என்ன இருக்கிறது என்று நீ சொல்ல வேண்டாம். அவள் கை என் கைக்குள் இருக்கும்.

எனக்கு இருந்தது ஒரே மகன். மருமகளையும் அந்த மலைக்குக் கொடுக்க மாட்டேன்.

உன் நாவுக்கு அல்லாஹ் பலம் தரட்டும். பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே, கண்ணே. அந்தக் குளிரில் நீ தனியாக அழக் கூடாது.

துஆவோடு,
உன் வாப்பும்மா