உன் அளவில் ஒரு பஞ்சு உடம்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் தையல் மெஷின் ஊசி இறங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சொன்னதை மட்டும் எழுது, உன் கதைப் புத்தக வேலையை இதில் காட்டாதே என்பது அம்மாவின் கட்டளை. எழுதாதே என்று அவள் சொல்வதையும் எழுதுவேன் என்பது என் நிபந்தனை. பத்து நிமிடம் வாதாடிவிட்டு, "என்னத்தையோ எழுதித் தொலை, கையெழுத்து மட்டும் நான் போடுறேன்" என்று அம்மா இறங்கி வந்தாள். அவள் சொன்ன முதல் வரி, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காலில் வீக்கம் இல்லாமல், சுகமாக இருக்க வேண்டும் என்பது. இங்கே நாங்கள் மூவரும் ஆளுக்கொரு குறையோடு சுகம்தான். அம்மாவுக்கு விரல், எனக்குக் கண்ணாடியின் பவர் கூடிவிட்டது, அப்பாவுக்கு வேனின் பின்கதவு, அது மூட மாட்டேன் என்கிறது, அதைத் திட்டித் திட்டியே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தைப் போனில் சொன்னால் நீ "பரவாயில்லம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய், வைத்த பிறகு என்ன செய்வாய் என்று எங்களுக்குத் தெரியாது, அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான் அக்கா. மாத இறுதியில் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, அதைக் கொடுக்கும் முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். விளம்பரப் படம் எடுப்பதற்கு உன்னை அழைக்கப் போவதில்லை. உன் பரிசோதனைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாய், புதுச் செருப்பும் வாங்கிவிட்டாய் என்று தெரியும். இங்கே அம்மாவும் இஸ்திரிக்காரர் வரை சொல்லி வைத்திருந்தாள், அவர் தினமும், "போஸ்டர் எப்பம்மா ஒட்டுவாங்க, என் கடைச் சுவரு சும்மாதான் இருக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா முதலில் எழுதச் சொன்னது, படப்பிடிப்பு தள்ளிப் போய்விட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அம்மா, "சரி, தொடக்கத்துல இருந்து சொல்றேன்" என்றாள்.

தொடக்கம் உனக்குத் தெரியும். பெரிய அளவு உடைகளுக்கென்றே தனிக் கடை திறக்கும் முதலாளியம்மாவுக்கு அம்மா நாலு மாதமாக மாதிரி உடைகள் தைத்துக் கொடுத்தாள். கடை முகப்பில் "எல்லா உடலும் அழகு" என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அம்மா போனில் உன் படத்தைக் காட்டி, எம் பொண்ணையே நிக்க வைங்களேன் என்று கேட்டிருக்கிறாள். முதலாளியம்மா, "நல்ல முகம், பார்ப்போம். அளவு மட்டும் எழுதிக் குடுங்க" என்றாராம். அவர் சொன்னது பார்ப்போம் என்பது மட்டும்தான் அக்கா. வீட்டுக்கு வரும் வழியிலேயே அம்மா அதை "எடுத்துக்கிட்டாங்க" என்று ஆக்கிவிட்டாள், அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டுவிட்டாள். இதை எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன். அளவு நோட்டைத் திறக்காமலே உன் இருபத்திரண்டு அளவுகளையும் அம்மா ஒப்பித்தாள். இரண்டு வாரம் கழித்து முதலாளியம்மா அந்த அளவுக்கு ஒரு உடம்பு தைத்துத் தரச் சொன்னார், கழுத்தடியிலிருந்து முழங்கால் வரை, பஞ்சும் ஸ்பாஞ்சும் வைத்து, முதுகில் கொக்கி வைத்து. கொக்கி எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, கழற்றி மாட்ட வசதியாக இருக்கும் என்று பதில். மர பொம்மைக்கு மாட்டி, நீ வருவதற்குள் உடைகளைச் சரிபார்ப்பார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். எவ்வளவு சந்தோஷமாகத் தைத்தாள் தெரியுமா. துணியும் பஞ்சும்கூடத் தன் கையிருப்பில் இருந்தே எடுத்தாள். இடது தோள் அரை விரல் இறக்கம், இடது இடுப்பு கொஞ்சம் தூக்கல், கையின் மேல்பாகத்தில் சதை எங்கே திரும்புகிறது, வயிறு எங்கே தொடங்கி எங்கே மடிகிறது, ஒன்று விடவில்லை. முடித்து நாற்காலியில் சாய்த்து வைத்தபோது நான் புத்தகத்தோடு உள்ளே வந்து ஒரு நொடி நின்றுவிட்டேன். தலை இல்லை, கால் இல்லை, ஆனால் நீதான். அந்த இடது இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன், சின்ன வயதில் நீ என்னைத் தூக்கி உட்கார வைத்திருந்த இடம் அது.

புதன்கிழமை பள்ளி விடுமுறை, உடம்பு கனமாக இருந்ததால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போனோம். மூன்றாவது மாடி, பழைய கிடங்கு, ஒரு சுவர் முழுக்க வெள்ளைத் திரை, தரையில் பாம்பு மாதிரி ஒயர்கள், நாலு பெரிய விளக்குகள், அவற்றின் சூடு வாசலிலேயே முகத்தில் அடித்தது. ஒரு பெண் வந்து உடம்பை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். மர பொம்மை எங்கே என்று அம்மா கண்ணால் தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா வெளியே வந்தாள், அம்மா தைத்த பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு. முகம் உள்ளங்கை அளவு, கழுத்து கொக்குக் கழுத்து, மணிக்கட்டை என் இரண்டு விரலால் வளைத்துவிடலாம். ஆனால் கழுத்துக்குக் கீழே நீ இருந்தாய் அக்கா. உன் தோள், உன் வயிறு, உன் இடுப்பு. திரும்பி அம்மாவைப் பார்த்தேன், "உட்காராதீர்கள்" என்று எழுதியிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், யாரும் எழுப்பவில்லை. மேக்கப்காரர் அந்த அக்காவைக் கம்பி என்று கூப்பிட்டார். "கம்பி, இன்னிக்குச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு போல" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தாள், பாவம், வியர்வை கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள், பஞ்சு வயிறு பலகை மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. போட்டோகிராபர், "தலையணை உறைக்குள்ள ரெண்டு தலையணையத் திணிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

முதலாளியம்மா அம்மாவிடம் வந்து, வயிற்றை மொத்தமாக எடுத்துவிடுங்கள், கைச் சதையையும் எடுத்துவிடுங்கள், மேலேயும் இடுப்பிலும் மட்டும் இருக்கட்டும், சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. "அப்ப எம் பொண்ணு?" என்று கேட்டாள். அதற்கு அவர் கோபமே இல்லாமல், எனக்கு ரொம்பப் பொறுமையாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் மாதிரி சொன்னார். "குண்டா இருக்கறவங்க குண்டா இருக்கறவங்களப் பார்த்து வாங்க மாட்டாங்கம்மா. அளவு நிஜமா இருக்கணும், அப்பத்தான் துணி பொருந்தும். முகம் வேற விஷயம்." அந்த நேரம் பார்த்து கம்பி அக்கா கொக்கியைக் கழற்றிக்கொண்டே, "நல்லாத் தைச்சிருக்கீங்கக்கா, யாரோட அளவு இது?" என்று கேட்டாள். நான்தான், "எங்க அக்காவோட அளவு" என்றேன். அந்த அக்கா உடம்பைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டப் போனவள், மாட்டாமல் இரண்டு கையாலும் தூக்கி வந்து அம்மா மடியில் வைத்தாள். படி இறங்கும்போது பின்னாலேயே ஓடி வந்து சொன்னாள், "இந்த வேலைக்கு என்னை எடுக்கும்போதுகூட ரெண்டு கிலோ குறைச்சிட்டு வான்னுதான்க்கா சொன்னாங்க." இதைக் கேட்டபோது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நாங்கள் உடம்பை மறுபடி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வியாழக்கிழமை காலையில் அம்மா அந்த உடம்பை மெஷினில் போட்டு உட்கார்ந்தாள். ஆமாம் அக்கா, வயிற்றைக் குறைக்கத்தான் உட்கார்ந்தாள். நாலு மாத வேலை, கை நிறைய வேலை, ஒரு தையலுக்காக அதை விடுவதா என்று அவளே அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். வயிற்றின் நடுவில் சாக்கட்டியால் கோடு போட்டாள், துணியை மடித்துப் பிடித்தாள், மிதித்தாள். முப்பது வருஷம் தைத்த கை, ஊசிக்கு அடியில் விரலைக் கொண்டு போய் வைத்துவிட்டது. அப்பா ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, அந்தப் பஞ்சு உடம்பைப் பார்த்து, "அது மேல ஒரு துண்டப் போத்தி வை, பார்க்கச் சங்கடமா இருக்கு" என்றார். அம்மா துண்டை எடுத்தாள், எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனாள், அப்படியே நின்றுவிட்டாள்.

இனிமேல் வருவதை எழுத வேண்டாம் என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். துண்டோடு நின்றவள் சுவரில் மாட்டியிருக்கும் நம் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கடற்கரையில் எடுத்தது, அப்பா வேன் வாங்கிய அன்று எடுத்தது, உன் கல்லூரிப் படிப்பு முடிந்த அன்று எடுத்தது, எல்லாவற்றிலும் நீ என்னைத் தூக்கி வைத்திருக்கிறாய், அல்லது நான் உன் முன்னால் நிற்கிறேன். அக்காவுக்கு என்னை இறக்கிவிடவே மனசு வராது என்று நான் பள்ளியில் கட்டுரைகூட எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்டி உன்னை அவ முன்னால நிக்க வைப்பேன்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "வயிறு தெரியாம இருக்கறதுக்கு." நான் எட்டு வருஷம் உனக்கு மறைப்பாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு என்னைத் தூக்கினாயா? அம்மா இதற்குப் பிறகு சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "அந்த முதலாளியம்மாவுக்கு ஊசி தேவைப்படுது, எனக்கு அதுகூடத் தேவைப்படல. பெத்தவ நான், பன்னெண்டு வயசுல இருந்து அவளுக்குத் தொளதொளன்னு கறுப்பும் கருநீலமுமாத் தைச்சுப் போட்டேன், பின்னாடி நில்லு பின்னாடி நில்லுன்னு சொன்னேன். நான் வெட்டாத வயித்தையா அவங்க வெட்டச் சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டுத் துண்டை மடித்துக் கொடியில் போட்டாள், உடம்பின் மேல் போடவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, அதில் ஒரு தையலும் பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர், வேறு தையல்காரர் இல்லாமலா போய்விட்டார், இனி இந்தப் பக்கம் வர வேண்டாம், அந்தப் பழைய மெத்தையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால் அது இப்போது தையல் அறையில் ஜன்னலோரம் நிற்கிறது, வயிற்றில் அம்மாவின் ஒரு சொட்டு ரத்தத்தோடு. இஸ்திரிக்காரரிடம் அம்மாவே போய், என் பொண்ணு படம் வராது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர், "அதனால என்ன, பாப்பா ஊருக்கு வந்தா என் சுவத்துல நானே ஒட்டறேன்" என்றாராம். அம்மா சிரித்ததை மூன்று நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

இனி அம்மா சொல்வது. பெரியவளே, போஸ்டருக்காக வர வேண்டாம், ஆனால் விடுப்பு எழுதிக் கொடு, எங்களைப் பார்க்க வா. கோபம் இருந்தால் கோபத்தோடு வா, போனில் பரவாயில்லை என்று சொல்லாதே. விரல் ஆறியதும் அந்தப் பஞ்சு உடம்பின் மேல் வைத்து உனக்கு ஒரு கவுன் தைக்கப் போகிறேன், கை தெரிய, இடுப்பில் பெல்ட் வைத்து. நாலு பேரும் படம் எடுப்போம், நீ முன்னால் நில், உன் முன்னால் யாரும் நிற்க வேண்டாம். இவ்வளவு சொல்லிவிட்டு அம்மா துணி அலமாரியைத் திறந்து வெகு நேரம் நின்றாள். எல்லாத் துணியையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை அக்கா. இருபத்திரண்டு அளவும் தலைகீழாகச் சொல்வாள், இதை மட்டும் உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம். மறக்காமல் எழுது, முதலில் அதை எழுது, மற்றதெல்லாம் பிறகு. அம்மா கடைசியாகச் சொல்வது, காலை வெறும் தரையில் வைக்காதே, ராத்திரி வேலை என்றால் முன்னாலேயே கொஞ்சம் தூங்கிக்கொள். நீ எந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் நிமிர்ந்து நட, உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அம்மா

(கையெழுத்து இடது கையால் போட்டது, கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. எழுதியது உன் தங்கை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மா முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எழுதாதே என்று சொன்ன இடங்கள் வந்தபோது அடித்துவிடு என்று சொல்லவில்லை, கட்டுப் போட்ட விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பஞ்சு உடம்பின் இடது தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, தையல் அறை விளக்குகளை அணைத்துவிட்டாள்.)