பெல் ஒயரைக் கழற்றியது யார்?

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று போனில் சொன்னாய், சரி என்று கேட்டுக்கொண்டேன், ஆனால் நடுவில் இரண்டு தடவை இருமினாயே, அது என்ன சுகம்? டாக்டரிடம் போ. போனேன் என்று சும்மா சொல்லாமல் நிஜமாகவே போ.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு கூடி வருகிறது, ஆனால் ஆள் துணையில்லாமல் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளால் படியேற முடியாதென்று கீழ் அறையில் கட்டில் போட்டிருக்கிறோம், அடுப்படியோ மாடியில். அதனால் கட்டிலில் ஒரு சுவிட்ச், அடுப்படியில் ஒரு பெல் என்று நானே ஒயர் இழுத்தேன். ரிட்டயர் ஆனதிலிருந்து நான் நோண்டிக்கொண்டிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஒரு தடவையாவது வீட்டுக்கு உதவட்டுமே. ஒயர் நுனியில் பொடிசான ஒரு பின்னை நசுக்கி மாட்டி, அதைப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் செருக வேண்டும். நான் கட்டிங் பிளேயராலேயே நசுக்கினேன், மூன்றாம் நாளே ஒயர் உருவிக்கொண்டு வந்துவிட்டது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இப்படிப் பின்னை நசுக்குவதற்கென்றே கிரிம்பிங் டூல் இருக்கிறது. நல்லதின் விலையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதேதான். ஆன்லைனில் மலிவாக ஒன்று இருந்தது, அத்தனை பேரும் சூப்பர் சூப்பர் என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள், ஒரே ஆள் பத்துப் பெயரில் எழுதியிருப்பான். எலக்ட்ரிக் கடைக்காரர் ‘எல்லா பின்னுக்கும் இது ஒண்ணே போதும் சார், கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க’ என்று ஒன்றை நீட்டினார். கண்ணை மூடச் சொல்கிறவரிடம் நான் இமைக்காமல்தானே நிற்பேன்? என் பின்னையும் ஒயரையும் பையிலிருந்து எடுத்து அங்கேயே அழுத்திக் காட்டச் சொன்னேன், பின் சப்பையாகிப் போனது, அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடைசியில் ரேடியோ ரிப்பேர் கடை அம்மாதான் சின்ன வாய் உள்ள ஒன்றைக் காட்டினார். அடக்கமான விலை, ஆனால் இரண்டு தடவை அழுத்த வேண்டும், முதலில் செம்புக் கம்பியை, பிறகு மேலுறையை. அவரையும் நம்பாமல் ஆறு பின் போட்டு இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. ‘சந்தேகம் தீந்துச்சா சார், இன்னும் நாலு இழுக்கணுமா’ என்று சிரித்தார்.

ஒரு வாரம் பெல் அருமையாக அடித்தது, பிறகு சத்தத்தையே காணோம். போன செவ்வாய்க்கிழமை தற்செயலாகக் கீழே வந்தால், அம்மா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறாள், கால் வெடவெடவென்று நடுங்குகிறது. ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். பெல் அடிக்கவில்லை என்றாள். ரேடியோக் கடை அம்மாவைத் திட்டினேன், டூலைத் திட்டினேன், வீடு துடைக்க வரும் அம்மாமேல்கூடச் சந்தேகப்பட்டேன். கட்டிலோரத்துக் கனெக்டரைப் பார்த்தால், ஒயரைப் பின் கெட்டியாகத்தான் பிடித்திருக்கிறது, ஆனால் பின்னோடு சேர்ந்து வெளியே வந்து கிடக்கிறது. அது தானாக வராது. கனெக்டரில் உள்ள குட்டி நாக்கை ஊசியால் நெம்பினால்தான் வரும். அந்த வித்தை எனக்குத் தெரியும், கட்டிலோரம் உட்கார்ந்து நான் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவளுக்கும் தெரியும். அவள் ஹேர்பின்னின் நுனி வளைந்திருந்தது.

கேட்டேன், மழுப்பினாள். விடாமல் கேட்டதும், ‘அந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் படி இறங்கி வர்றீங்க, நீங்க உருண்டு விழுந்தா நான் எந்த பெல்ல அழுத்துறது’ என்று அழுதுவிட்டாள். நானும் சேர்ந்து அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். ஆனால் என் முட்டிவலி அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் முன்னால் நான் ஒருநாளும் நொண்டியதில்லை, மாத்திரையைக்கூட மாடியில்தான் போடுகிறேன். உலகத்திலேயே ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன், அந்த ஆள் இப்போது இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கோபமில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். பின்னை மறுபடி செருகிவிட்டேன், பெல் அடிக்கிறது, அவள் அழுத்துவாளா என்பதில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீ சொன்னால் நம்புவாள். அப்பாவுக்கு முட்டிவலி அடியோடு போய்விட்டது என்று சொல், பொய் சொன்ன பாவம் என் தலையில்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவைப் பெல்லை ஒரு தடவை அழுத்தச் சொல், மறந்துவிடாதே. நான் அடுப்படியில் காத்திருப்பேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் இறங்கி வருவேன், அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
இன்னமும் உன்னை நம்பும் அப்பா