பிந்தி வந்தவள்

அன்பு மகனே,

உன் மனைவி என்னிடம்தான் இருக்கிறாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காலையில் போனில், "மகாராணிக்குக் கோபம் தீந்துச்சாம்மா? வேதத்துல தீர்க்கதரிசியே கிண்டல் பண்ணியிருக்காரு, நான் பண்ணக் கூடாதா?" என்று கேட்டாய். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் வேதம் எனக்கும் வாசிக்க வரும். அவர் நூற்றுக்கணக்கான பூசாரிகளுக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்று கிண்டல் பண்ணினார். நீ சபை முழுவதையும் உன் பக்கம் வைத்துக்கொண்டு ஒருத்தியைக் கிண்டல் பண்ணினாய்.

நேற்று ஆராதனைக்கு அவள் பிந்தி வந்ததும், "வாங்க மகாராணி, ஆண்டவரே உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு" என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்னாயாமே. எல்லோரும் சிரித்தார்களாம். அவளும் சேர்ந்து சிரித்தாளாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாளடா. வயிற்றுப் பிள்ளைக்குத் துடிப்பு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்லத்தான் வந்தாள்.

உன்னை மேடையில் பார்த்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்.

நாளைக் காலை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். வா. ஜெபம்கூட வேண்டாம். வாயைத் திறக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொள். உதறினால், உதறட்டும், போகாமல் பக்கத்திலேயே இரு.

உன்னைப் பெற்றவள்