மீன் பெட்டிக்குள் புழுக்கள்

நவ. 11, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. பின் விறாந்தையில் இவர் கடலுக்குக் கொண்டுபோன மீன் பெட்டி. உள்ளே இப்போது சாணி, வாழைப்பழத் தோல், நனைந்த பேப்பர், நிறைய மண்புழு. உரம் செய்ய நசீர் நானா கொடுத்த புழு. முன்பு இவரோடு ஒரே படகில் போனவர், இப்போது குறிஞ்சாக்கேணியில் தோட்டம்.

படகில் வழுக்கி விழுந்து, முதுகு போய், இவர் வீட்டோடு எட்டு மாதம். என்னோடு கதைப்பது தண்ணீர், முதுகுவலிக் குளிசை, அவ்வளவுதான். புழு என்றால் மட்டும் வாய் திறக்கிறது. கண் இல்லையாம். சுவாசப்பை இல்லையாம், ஈரத்தோலால்தான் மூச்சாம். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாம். சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் சொல்வார். இடியப்பத்தைப் பார்க்கவே முடியவில்லை.

நவ. 12, புதன்
வாங்க: பருப்பு, சவர்க்காரம், முதுகுக்குத் தைலம்.

மழை விடவில்லை. பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. காலையில் குசினித் தரை முழுக்கப் புழு. ஒன்று என் வெறுங்காலுக்குக் கீழே. குளிர், வழுவழுப்பு, பிறகு நசிந்தது. வாந்தி. அடுப்பில் தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீர். கேத்திலோடு கொண்டுபோய்ப் பெட்டிக்குள் ஊற்றினேன். முழுவதும். துடித்து, சுருண்டு, வெளிறிப் போயின. இவர் நித்திரை.

மனதுக்குச் சுகமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவ. 13, வியாழன்
நாற்றம். அழுகின மீனைவிட மோசம். இவர் மெல்ல மெல்ல நடந்து வந்து, பெட்டியடியில் கதிரை போட்டு இருந்தார். பிறகு சாப்பாடு வேண்டாம் என்றார். குளிசையும் வேண்டாம். சுவரைப் பார்த்தபடி படுக்கை, முதல் மாதங்களைப் போல. பயம் பிடித்தது.

நசீர் நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். ஒளிக்காமல் சொன்னேன். ஏசவில்லை.

"மேல இருந்தது போயிருக்கும் தங்கச்சி. அடியில சூடு இறங்கியிருக்காது. முட்டைக் கூடும் கிடக்கும், மிளகைவிடச் சின்னன், மஞ்சள். கையால தேடுங்க. கரண்டி போட்டா வெட்டுப்படும்."

இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகாதா என்றேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கதை. பொய்யாம். அநேகமாகச் செத்துப்போகுமாம்.

இவருக்குக் குனிய ஏலாது. ஆகவே நான்.

நவ. 14, வெள்ளி
கொஞ்சம் வெயில். கையில் ஷொப்பிங் பேக் கட்டினேன். வழுக்கியது, கழற்றி எறிந்தேன். செத்தவை எல்லாம் கூழ், நகத்துக்குள்ளும். இரண்டு தரம் ஓங்காளித்தேன். அடி மூலையில் ஒரு பந்து, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு. உயிரோடு. விரலுக்கிடையில் நெளிந்தன. உதறாமல் இருக்கப் பல்லைக் கடித்தேன். மஞ்சள் கூடும் ஏழு.

ஒரு புழுவைக் கொண்டுபோய் இவருடைய உள்ளங்கையில் வைத்தேன். சுவரில் சாய்ந்து எழும்பி இருந்தார்.

"நீர்தானே சுடுதண்ணி ஊத்தினது."

"ஓம்."

"முழிச்சுத்தான் கிடந்தனான். எழும்ப முதல் முடிஞ்சிட்டுது. உம்மைக் கூப்பிட்டிருக்கலாம். வாய் வரேல்லை."

புழு இவருடைய விரலைச் சுற்றியது. எனக்கு இன்னும் அருவருப்புத்தான். கழுவாத கையால் இவருடைய மற்றக் கையைப் பிடித்தேன். இழுக்கவில்லை. பசிக்குது என்றார்.