எலைன் மிஸ் வீட்டுத் தரை

கோலார் தங்க வயல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இவான் அப்பாவுக்கு,

ஷைலா எழுதறது. நானும் நம்ம பையனும் சௌக்கியம். அந்தப் பனியில நீங்களும் உங்ககூட இருக்கறவங்களும் சௌக்கியமா இருக்கணும்னு தினமும் விளக்கேத்தறேன். மேல பட்டாளத்து போஸ்ட்டுக்குப் போயிட்டா போன் கிடையாது, லெட்டர் போடு, ஹெலிகாப்டர் வர்றப்ப வந்து சேரும்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் ஒரு லெட்டர் எழுதினது கிடையாது. கை வலிக்குது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க.

முதல்ல கெட்ட சேதியைச் சொல்லிடறேன். இவானைப் பார்த்துக்கற பக்கத்து வீட்டுத் தெரசா அக்கா ஊரை விட்டுப் போறாங்க. மகன் பெங்களூர்ல வீடு எடுத்துட்டானாம், இந்த மாசத்தோட கிளம்பறாங்க. சொல்லிட்டு அவங்களே அழுதாங்க. நான் அழல, எனக்குக் கோவம்தான் வந்துச்சு. விடியறதுக்கு முன்ன டிரெயின் பிடிச்சு, பெங்களூர் லேப்ல ஊர்ப்பட்ட ஜனத்துக்கு ரத்தம் எடுத்துட்டு ராத்திரி திரும்பற நான், ரெண்டரை வயசுப் பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?

அதனால இந்த வாரம் லீவு போட்டுப் பால்வாடி தேடி அலைஞ்சேன். முதல்ல அங்கன்வாடி. டீச்சர் தங்கமான மனுஷி, முட்டை குடுக்கறாங்க, சுத்தமா இருக்கு. ஆனா நல்லா வெயில் ஏறின பிறகுதான் திறப்பாங்க, மத்தியானத்தோட பூட்டிடுவாங்க. காலைல கொஞ்சம் முன்னாடி திறக்க முடியுமான்னு கேட்டா, ஆகல்லம்மான்னு கன்னடத்துல சொல்லிட்டாங்க. அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கே, என்ன பண்ணுவாங்க பாவம்.

அடுத்தது ராபர்ட்சன்பேட்டையில புதுசா வந்திருக்கற ப்ளே ஸ்கூல். பிளாஸ்டிக் புல்லு, கேமரா, பிள்ளை என்ன பண்றான்னு நாம போன்லயே பார்க்கலாம். அந்த மேடம் வீட்ல இங்கிலீஷ்ல பேசுங்கன்னு எனக்கு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தாங்க. அதுக்குள்ள உங்க மகன் அவங்க கையைக் கடிச்சு வெச்சுட்டான். உங்க ரத்தம், வேற எப்படி இருக்கும்! அங்கயும் எட்டரைக்குத்தான் திறப்பாங்களாம். அந்நேரத்துக்கு நான் பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பேன்.

கடைசியாத்தான் நம்ம லைன் வீட்டு வரிசையில மூணாவது வீட்டு மமதா, எலைன் மிஸ் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. மூடின சுரங்க ஷாஃப்ட்டுக்குப் பக்கத்துல, தகர வேலியை ஒட்டி ஒரு பழைய கம்பெனி பங்களா இருக்கே, அதான். உங்களுக்கு மூணாங்கிளாஸ் எடுத்தவங்களாமே? உதய்யா, பெஞ்சுக்கு அடியில தூங்குவானேன்னு சிரிச்சாங்க. டிரெயினுக்குப் போற அம்மாங்களுக்காகவே இருட்டோட கதவைத் திறக்கறாங்க. மமதா பொண்ணு பவ்யாவும் அங்கதான். மாமரம், பெரிய ஹால், சிவப்புத் தரை, முழங்கை அகலத்துக்குக் கல் சுவர். இவான் என் கையை உதறிட்டு உள்ள ஓடினான், திரும்பி வரவே மாட்டேன்னுட்டான்.

ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளைங்க பந்து விளையாடுச்சுங்க. எந்தப் பக்கம் உருட்டினாலும் பந்து மெதுவாத் திரும்பி, ஜன்னல் ஓரத்து மூலைக்கே போய் நிக்குது. அது வீட்டுக்குப் போகுதுன்னு சொல்லிப் பிள்ளைங்க கைதட்டுதுங்க. பழைய வீடு, தரை கொஞ்சம் சாஞ்சிருக்குன்னு மிஸ் சொன்னாங்க. நானும் சிரிச்சுட்டுத்தான் வந்தேன்.

அங்கயே சேர்த்துடலாம்னு இருக்கேன். நல்லதுன்னு தோணினா ஒரு வரி எழுதுங்க. எலுமிச்சங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கேன், எல்லாருக்கும் குடுத்துச் சாப்பிடுங்க.

உங்க,
ஷைலா


கோலார் தங்க வயல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இவான் அப்பாவுக்கு,

உங்க பதில் இன்னும் வரல. பாதை மூடியிருக்கும்னு மனசைத் தேத்திக்கறேன். காலை பத்திரமா வெச்சுக்கோங்க, ரெண்டு ஜோடி சாக்ஸ் போடுங்க.

இவானைச் சேர்த்து நாளாச்சு. ஒரு நாள்கூட அழல. எலைன் மிஸ் கையால குழைச்ச பருப்புச் சோறு நல்லாச் சாப்பிடறான், உடம்பு தேறியிருக்கான். குறை சொன்னா என் வாய் வெந்து போகும். ஆனா மனசுல கிடக்கறதை உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்வேன்?

பையன் இப்ப வீட்டுக்கு வந்தாலே தரையில குப்புறப் படுத்துக்கிட்டு காதை வெச்சுக் கேக்கறான். என்னடா பண்றேன்னா, இங்க இல்லைங்கறான். என்ன இல்ல? அம்மா டிரெயின் இங்க இல்லையாம். மிஸ் வீட்ல தரைக்குக் கீழதான் அம்மா டிரெயின் போகுதாம். தடதடன்னு கேக்குமாம். அவன் அம்மான்னு கூப்பிட்டுத் தரையைத் தட்டுவானாம்.

மறுநாள் மிஸ்கிட்ட கேட்டேன். ஆமா, எல்லாப் பிள்ளைங்களும் அந்த மூலையில படுத்துக் கேக்குதுங்க, பழைய ட்ரெய்னேஜ்ல காத்து போற சத்தம்மான்னு சொன்னாங்க. அந்த மூலைச் சுவத்துல ஒரு மிருகங்கள் சார்ட் ஒட்டியிருக்காங்க. அதுல யானை நடுவால கிழிஞ்சிருக்கு. மேல டேப் போட்டு ஒட்டியிருந்தாங்க, அந்த டேப்பும் கிழிஞ்சிருக்கு. சார்ட்டைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால விரிசல். இங்க விரிசல் இல்லாத வீடு எதும்மா, உன் வீட்ல இல்லையான்னு கேட்டாங்க. நியாயம்தானே, நம்ம அடுப்படிச் சுவத்துலயும் இருக்கு. அவங்க வாசல் கதவு சாத்த வராம ஆசாரி வந்து அடியில இழைச்சுட்டுப் போனான். இந்த வாரம் மறுபடியும் தரையில இடிக்குது.

டிரெயின்ல பீன்ஸ் நறுக்கிக்கிட்டே இதைச் சொன்னேன். மமதா சிரிச்ச சிரிப்புல பெட்டியே திரும்பிப் பார்த்துச்சு. இன்னாடி ஷைலா, மறுபடியும் சோத்துக் குண்டானைத் தூக்கிட்டியான்னு கேட்டா.

அந்தக் கதையை ஊர் பூரா பரப்பினதே நீங்கதான். கல்யாணமாகி வந்த முதல் வாரம், தரை ஆடினதும் நான் வடிச்ச சோத்தோட குண்டானைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல ஓடினேன். லைன்ல ஒரு ஜனம் வெளிய வரல. நீங்க உள்ள உக்கார்ந்த இடத்துலயே, ஏர் பிளாஸ்ட்டுடி, வந்து சோத்தைப் போடுன்னு கத்தினீங்க. எங்க பூதிகோட்டையில பூமி ஆடினா ஓடுவோம். உங்க ஊர்லதான், கீழ சுரங்கத்துல பாறை வெடிச்சு வீடு ஆடினா, ஏர் பிளாஸ்ட்னு ஒரு பேரைச் சொல்லிட்டு, அலமாரியில டம்ளர் விழாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மறு கையால டீயைக் குடிப்பீங்க. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகல. உள்ள பூரா தண்ணி ஏறி நிக்குதுன்னு சொல்றாங்க. தண்ணி சும்மா இருக்குமா?

எனக்கு இப்ப உங்ககூடச் சண்டை போடணும் போல இருக்கு. நீங்க எதிர்ல இல்ல. நான் பயந்தாங்கொள்ளின்னா அப்படியே எழுதுங்க, வாயை மூடிக்கறேன். இல்லன்னா அதையும் எழுதுங்க. இவான் உங்களுக்கு முத்தம் குடுக்கச் சொன்னான். இந்தக் காயிதத்துல எச்சில் பட்டிருக்கற இடம் அதான்.

உங்க,
ஷைலா


கோலார் தங்க வயல்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள இவான் அப்பாவுக்கு,

இவான் நல்லா இருக்கான். இதோ என் மடியிலதான் தூங்கறான். முதல்ல இதை எழுதிட்டுத்தான் மத்ததைச் சொல்லணும். பதறாம உக்கார்ந்து படிங்க.

வியாழக்கிழமை காலைல அவனை விட்டுட்டு சாம்பியன் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு இருந்தேன். காலுக்கு அடியில ஒரு இடி. ஷெட்டு தகரமெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. பிளாட்ஃபார்ம்ல இருந்த அத்தனை பேரும் ஒரே மாதிரி, ஏர் பிளாஸ்ட்னு சொல்லிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாங்க. அப்ப பார்த்து டிரெயினும் வந்துச்சு. மமதா என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கத் தயாரா நின்னா. நான் ஓடலைங்க. ஏறி உக்கார்ந்துட்டேன். உங்க ஊர் சிரிப்புக்குப் பயந்து, பெத்த பிள்ளையை விட்டுட்டு ஏறிட்டேன். அன்னிக்குப் பூரா எனக்கு ஊசி குத்தக் கை வரல. எலைன் மிஸ்ஸுக்குப் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன், எல்லாரும் நல்லா இருக்கோம்மா, வேலையைப் பாருன்னாங்க.

சாயங்காலம் போனா நல்லாத்தான் இருந்தாங்க. மிஸ் உதிர்ந்த காரையைக் கூட்டிக் குப்பையில போட்டிருந்தாங்க. அந்த மூலையில பெஞ்சைப் போட்டு, மேல குரோட்டன்ஸ் தொட்டியை வெச்சிருந்தாங்க. பந்து எங்கடான்னு கேட்டேன். பந்து அம்மா டிரெயின்ல போயிடுச்சுன்னு சொன்னான் உங்க மகன்.

பெஞ்சை நகத்திப் பார்த்தேன். சிவப்புத் தரைக்கும் சுவத்துக்கும் நடுவுல, என் கை உள்ள போற அளவுக்கு வாய் திறந்திருக்கு. ஜில்லுன்னு காத்து வருது. ட்ரெய்னேஜ் காத்துன்னா நாறும். இது நாறல, ஈரக் கல்லு வாசனை. பக்கத்துல கிடந்த சிலேட்டுக் குச்சியை உள்ள போட்டுக் காதை வெச்சேன். பிள்ளைங்களும் என்கூடப் படுத்துக் காதை வெச்சுதுங்க. ரொம்ப நேரம் கேட்டோம். விழுந்த சத்தம் வரவே இல்ல.

இவானை அப்பவே தூக்கிட்டு வந்துட்டேன். அதுல இருந்து வேலைக்குப் போகல. லேப்ல சூப்பர்வைசர், இனி வரவே வேண்டாம்னு சொல்ற நிலைமைக்கு வந்துட்டார். அது போனாப் போகுது. வேற சோறு தேடிக்கலாம்.

எலைன் மிஸ் மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்க அந்த ஹால்ல பிள்ளைங்களுக்கு நடுவுலதான் படுக்கறாங்க. நான் பொறந்த வீடு ஷைலா, என்னை விழ விடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அவங்களுக்கும் வேற போக்கிடம் கிடையாது. ஒரு ஆபீஸ் பாக்கி இல்லாம ஏறி இறங்கிட்டேன். இந்த ஆபீஸ்ல அது எங்க கட்டடம் இல்லம்மாங்கறாங்க, அந்த ஆபீஸ்ல அது எங்க நிலம் இல்லம்மாங்கறாங்க. ஒருத்தராவது எழுந்து வந்து பார்க்கணுமே!

நேத்து காலைல பிளாட்ஃபார்ம்லயே போய் நின்னு எல்லா அம்மாங்ககிட்டயும் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் கோவப்பட்டாங்க. மிஸ் வீட்டை மூடிட்டா பிள்ளைங்களை உன் தலையில கட்டிட்டுப் போகட்டுமான்னு ஒருத்தி கேட்டா. மமதா என்கூடப் பேச்சையே நிறுத்திட்டா. அவ வீட்டுக்காரர் பிரதாப் கால் ஒடிஞ்சு கிடக்கறார், அவ சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. எனக்குப் புரியாம இல்ல. என் தலையிலயே கட்டுங்க, பிள்ளைங்களை நானே பார்த்துக்கறேன்னு சொல்லிட்டேன். நம்ம லைன் வீட்ல எத்தனை பிள்ளைங்க படுக்க முடியும்? இருந்தாலும் சொல்லிட்டேன். அதுக்கும் சிரிச்சாங்க. குண்டானோட ஓடினவ பேச்சை யார் கேப்பா?

நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க இந்த மண்ணுல பொறந்தவர், பட்டாளத்துல பாலமும் சுரங்கமும் கட்டறவர், உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு யாரும் சொல்ல முடியாது. பிரதாப் உங்க சிநேகிதர்தானே, அவருக்கு உங்க கையெழுத்துல ரெண்டு வரி எழுதுங்க. இது ஏர் பிளாஸ்ட் இல்ல, பிள்ளைங்களை வெளிய கொண்டு வாங்கன்னு மட்டும் எழுதுங்க. இந்த லெட்டர் உங்க கைக்கு வந்து, உங்க லெட்டர் இங்க வர எத்தனை நாள் ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்.

அதுவரைக்கும் சும்மா இருக்க மாட்டேன். இன்னிக்கு ஞாயிறு, மிஸ் வீட்ல பிள்ளைங்க இல்ல. நாளைக்கு இருட்டோட இவானை இடுப்புல வெச்சுக்கிட்டு மிஸ் வீட்டுக் கேட்டுக்கு வெளிய நிக்கப் போறேன். ஒரு பிள்ளையை உள்ள விட மாட்டேன். அடிச்சா வாங்கிக்கறேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா எழுந்து மறுபடியும் நிப்பேன். ஊர் பூரா வேடிக்கை பார்த்துச் சிரிக்கட்டும், எனக்கு வெக்கமெல்லாம் போயிடுச்சு.

உடம்பைப் பார்த்துக்கோங்க. வெறும் கையோட பனியைத் தொடாதீங்க. நம்ம குலசாமி உங்களை அந்த மலையில இருந்து முழுசா இறக்கிக் கொண்டு வரட்டும்.

ஒரே ஒரு வேண்டுதல். பதில் எழுதறப்ப இவான் எப்படி இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க. பவ்யா எப்படி இருக்கா, மிஸ் எப்படி இருக்காங்க, அந்தப் பிள்ளைங்க எல்லாம் எப்படி இருக்குன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சு எழுதுங்க. எல்லாரும் சௌக்கியம்னு உங்களுக்கு நான் பதில் எழுதணும்.

உங்க,
ஷைலா