சிரப்பை நிறுத்தாதே

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கேட்டால் "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ சொன்ன இரும்புச் சத்து சிரப்பை வாண்டுக்குத் தினமும் இரண்டு வேளை கொடுக்கிறேன். வெளுத்த முகத்தில் கொஞ்சம் நிறம் வந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு வாரமாக விட்டுவிட்டு வயிறு போகிறது. நேற்று உடம்பும் லேசாகச் சுட்டது. சிரப்பை நிறுத்தட்டுமா? "உங்க அக்காதானே நம்ம வீட்டு டாக்டர், அவங்களையே கேளு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். நீ டாக்டர் இல்லை, லேபில் கிருமி வளர்க்கிறவள் என்று எத்தனை தடவைதான் சொல்வது! உடனே பதில் போடு.

உன் தங்கச்சி

ஜூன் 6

செல்லத் தங்கச்சிக்கு,

நிற்க நேரமில்லாமல் எழுதுகிறேன். ஒன்பது வருஷ உழைப்பு இந்த வாரம்தான் பலித்தது. குடல் கிருமிக்கு இரும்பு இல்லாமல் ஆகவே ஆகாது. அதைப் பிடுங்கித் தின்ன ஒரு வித்தை வைத்திருக்கிறது. அந்த வித்தையை அழித்துவிட்டு அந்தக் கிருமியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். கிருமி பாட்டுக்குச் சுருண்டு கிடக்கிறது, எலிகள் ஓடி விளையாடுகின்றன! இரும்பைத் தாராளமாகக் கொடுத்தால் மறுபடியும் ஆட்டம் போடுகிறது.

வாண்டுக்குப் பல் முளைக்கிற கழிச்சலாக இருக்கும். சிரப்பை நிறுத்தாதே, ரத்தம் ஊற வேண்டாமா? மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் பிறகு வாண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது என் உயிரே போய்விட்டது. இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். நீ வந்து நாலு நாள் கூட இருந்திருக்காவிட்டால் நான் ஒரு வழியாகியிருப்பேன்.

எல்லாம் ரோட்டோரக் கடையில் பிள்ளைக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்த உன் மாப்பிள்ளை, அந்தப் புண்ணியவானால் வந்தது. "இனிமே என் பிள்ளையைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். முன்னறையில் படுத்துக்கொள்கிறார். வாண்டு கையை நீட்டினாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறார். பார்க்கட்டும்.

தங்கச்சி

ஜூலை 20

அன்புத் தங்கச்சிக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். மாப்பிள்ளையைத் திட்டாதே. கிருமி ஜூஸில் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். எங்கிருந்து வந்தாலும், அதற்கு இரண்டு வேளையும் இரும்பு ஊட்டச் சொன்னவள் நான்.

காய்ச்சல் வந்தால் உடம்பு தன் இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் ஒளித்துவைத்துக்கொள்ளும். நாம் சிரப்பைக் கொடுத்தால் ரத்தத்தில் சேராத மிச்சமெல்லாம் குடலில்தானே கிடக்கும்? இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக் கைதட்டு வாங்குகிறவள், எலிகளைப் பற்றி எழுதிய அதே கடிதத்தில் உனக்கு நிறுத்தாதே என்று எழுதியிருக்கிறேன். சிரப்பால்தான் முற்றியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்து லேபில் உட்கார்ந்தபோதுதான் இது உறைத்தது. அவரிடம் எனக்காகவும் மன்னிப்புக் கேள்.

அக்கா

ஜூலை 25

அக்காவுக்கு,

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பிறகு, "ஆஸ்பத்திரியில உங்க அக்கா சிரப் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள்ள வச்சதைப் பார்த்தேன். எதுக்குன்னு அப்ப புரியல" என்றார். நர்ஸ்தான் எடுத்துப் போயிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

தெரியாமல் சொன்னதற்கு உன்மேல் கோபமே இல்லை அக்கா. நானும்தானே வேறு யாரையும் கேட்காமல் விட்டேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல். உனக்கு எப்போது தெரிந்தது?

தங்கச்சி

ஆகஸ்ட் 1

தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை பார்த்தது சரிதான். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் டாக்டர் அந்தப் பாட்டிலைப் பார்த்து, "கழிச்சல் நிக்கிற வரைக்கும் இது வேண்டாம்" என்றபோதே தெரிந்துவிட்டது. நீ துணி அலசப் போயிருந்தாய். வந்ததும் வராததுமாக அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளையைத்தான் திட்டினாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் உன் பக்கத்தில் நின்று உன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா