காதை மூடாத ஹெட்போன்

தோணிரேவில் இருக்கும் என் அம்மாவுக்கு, பெங்களூரிலிருந்து பெலிக்ஸ் அன்போடு எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. நைனா எல்லாம் சொல்லிவிட்டார். இறால் பிடிக்கிற பறியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டாயாம். ஆறு நாளாக ஏரிப் பக்கமே போகவில்லையாம். "என்கிட்டகூட 'சோறு இருக்கு'ன்றதோட நிறுத்திக்கிறாடா உங்கம்மா"னு அலுத்துக்கொண்டார். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பயமாக இருக்கிறது, வம்பே அதில்தான் வந்தது. அதனால் காகிதம். இது சத்தம் போடாது. பைபிள் வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே படி. பிரின்சியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

முதலில், பிரின்சிக்கு நான் கொடுத்த அந்த ஹெட்போன். அது கெட்ட சாமான் இல்லை. எங்கள் கம்பெனியில் நான் சோதித்துப் பார்த்த பதினான்கு ஜோடியில் அதுதான் முதல். விலை சொன்னால் திட்டுவாய். மேலே கீறல் விழுந்த சாம்பிள், அதனால் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உன் மருமகளுக்குக் காதில் செருகுகிற ரகம் ஆகாது. ஏரித் தண்ணீர் புகுந்து புகுந்து காது எப்போதும் புண். தோல் மெத்தை வைத்து மூடுகிற ரகம் நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு உதவாது, பத்து நிமிஷத்தில் காது அவிந்துவிடும். இது துணி மெத்தை. தலையை இறுக்காது. பின்பக்கம் மூடியே கிடையாது, வெறும் கம்பி வலை. உன் பறி மாதிரி என்று வைத்துக்கொள். ஓலை இடுக்கில் தண்ணீர் வடியும், இறால் நிற்கும். இதில் காற்று போய்வரும், பாட்டு நிற்கும். காதுக்குள் அடைத்த மாதிரி இருக்காது, பாடுகிறவர் எதிரே நாலடி தள்ளி நிற்கிற மாதிரி இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நீ கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

வெளிச் சத்தம் உள்ளே வந்தால், உள்ளே இருப்பதும் வெளியே போகும். எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஃபேன் சத்தத்துக்காக அவள் வால்யூமை முழுதாக வைத்திருக்கிறாள். பக்கத்தில் நீ இறால் உரித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். என் தொண்டையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "இன்னும் எத்தனை நாளைக்கு உன் இறாலை அம்மா பறியில போட்டு ஏமாத்துவ? அவங்களுக்குக் கை மரத்துப்போச்சு, இனிமே ஏரிக்கு வரவேணாம்னு நேரா சொல்லிடு"னு நான் வாய்ஸ் மெசேஜில் கத்தியது அப்படியே உன் காதில் விழுந்துவிட்டது.

சொன்னது நான். அவள் இல்லை. கரையில் பறி கழுவும்போது உனக்குத் தெரியாமல் இரண்டு கை அள்ளிப் போட்டாள், அவள் செய்தது அவ்வளவுதான். அன்றைக்கே போன் செய்து, "இன்னா மனுஷன் நீ? வாயா அது? இந்த எழவை வந்து எடுத்துனு போ"னு என்னைக் கிழித்துவிட்டு, ஹெட்போனைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிவிட்டாள்.

நான் எழுத வந்தது இனிமேல்தான். போன மாசம் வேலைக்கு ஏரிச் சத்தம் வேண்டும் என்று கேட்டேனே. "தண்ணி சத்தம் கேக்கறதுக்கு இவனுக்குச் சம்பளம் வேற"னு நீ சிரித்தாய். பிரின்சி போனைக் கரையில் கிடந்த படகு விளிம்பில் வைத்துவிட்டு உன்னோடு இறங்கினாள். இருபது நிமிஷப் பதிவு. நேற்று அதே ரக ஹெட்போனில் முழுதாகக் கேட்டேன். சாதாரண ஸ்பீக்கரில் அது வெறும் சளசளப்பு. இதில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று விரல் நீட்டிக் காட்டலாம். இடது பக்கம், தூரத்தில் நீ. வலது பக்கம், கொஞ்சம் கிட்டே அவள். கை இரண்டும் தண்ணீருக்கடியில் இறாலைத் தடவுவதால் இரண்டு பேருக்கும் பல்லில் பறி, பேச முடியாது. அவள் மூக்கால் "ம்ம்" என்கிறாள். உடனே நீ "ம்ம்" என்கிறாய். எண்ணிப் பார்த்தேன், என் பிழைப்பே அதுதானே. அவள் முப்பத்தொரு தடவை. நீ முப்பத்திரண்டு. ஓரிடத்தில் அவள் குரல் நடுங்குகிறது. அதற்கு மட்டும் நீ இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய்.

பிரின்சி சுண்ணாம்புக்குளத்தில் வயல் வேலை செய்து வளர்ந்தவள். நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் பயம் என்று கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொன்னாள். அப்படிப்பட்டவள் கழுத்தளவு போகிறாளே, பயம் போய்விட்டது போல என்று நினைத்திருந்தேன். போகவில்லை அம்மா. எதை நம்பிப் போகிறாள் என்று நேற்றுதான் எனக்குக் கேட்டது.

இந்த ஆறு நாளும் அவள் தனியாகத்தான் போகிறாள். முழங்கால் தண்ணீரைத் தாண்டுவதில்லை என்று நைனா சொல்கிறார். பறியில் அடிகூட மறையவில்லையாம். அவளைக் கேட்டால் "இறால் இல்ல"னு முடித்துக்கொள்கிறாள். யார் பறியை யார் நிரப்பினார்கள் என்று தெரியாமல் நான் பெரிய மேதாவி மாதிரி பேசிவிட்டேன்.

கை மரத்துப்போவது உண்மை. அதற்கு டாக்டர் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை வந்து பொன்னேரிக்குக் கூட்டிப் போகிறேன். மாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போவேன். அது வேறு விஷயம், இதோடு கலக்காதே.

மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. பறியை ஆணியிலிருந்து எடு அம்மா. ஒரு இறால்கூட நீ பிடிக்க வேண்டாம். அவளுக்குக் கேட்கிற தூரத்தில் இரு. மாதா உங்கள் இரண்டு பேரோடும் தண்ணீரில் இறங்கட்டும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உனக்குப் போன் அடிக்கிறேன். நீ பேச வேண்டாம். எடுத்து ஒரே ஒரு தடவை "ம்ம்" சொல்லு, போதும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் வாயாடி மகன்,
பெலிக்ஸ்